பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழகுக

இங்கிலீஷ் பாடப்புத்தகம் எழுதுகிற புண்ணியவான்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை, ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழகுக’ என்று கட்டம் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆளே இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தெற்கே சதுப்பு நிலத்து ஓரம், சிபாயிஷ் ஊருக்குள் இருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் எருமைக்கார வீட்டுப் பிள்ளை இக்லாஸ் ஒருத்திதான். தேய்த்துக் குளித்து, சோப்பு வாசத்தோடுதான் தினமும் போவாள். போய் என்ன? ‘ஜோடி சேர்ந்துக்கோங்க’ என்று டீச்சர் சொன்னதும் ஊர்ப் பிள்ளைகள் சட்டென்று ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொள்வார்கள். இவள் பெஞ்சில் இவளும் இவள் பையும் மிச்சம். மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ்தான் காலை வாரியது. அரையாண்டுப் பரீட்சையில் அது ஒன்றில் மட்டும் போய்விட்டது. ஜூன் மாதம் நாடு முழுக்க நடக்கிற பெரிய பரீட்சையில் அதில் தேறினால் நாஸிரிய்யா நகரத்தில் நர்ஸ் படிப்பு. தேறாவிட்டால் எருமை, நாணல், சாணி வறட்டி, எவனாவது ஒருத்தன்.

ஆகவே அவள் தன் தாயைப் பிடித்தாள்.

ரஸ்மிய்யாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் காது இருந்தது. கூட்டத்தில் எந்த எருமை இருமியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற காது. மகள் இரண்டு தடவை சொல்லிக்காட்டினால் மூன்றாவது தடவை அது அப்படியே அவள் வாயிலிருந்து திரும்பி வரும். அர்த்தம்தான் தெரியாது. விடியலில் பால் கறக்கும்போது இரண்டு பேருக்கும் பாடம் நடக்கும்.

“யம்மா, இப்ப நீ.”

“எதைச் சொல்ல? நேத்து சொன்னதா, அதுக்கு முந்தினதா?”

“நேத்து சொன்னது. ‘இங்க எவ்வளவு காலமா இருக்கீங்க’ன்னு நான் கேப்பேன். நீ பதில் சொல்லணும்.”

மகள் கேட்டாள். ரஸ்மிய்யா மடியிலிருந்து கையை எடுக்காமல், பிறந்ததிலிருந்து இங்கேதான் வசித்துவருகிறேன் என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள். எருமை தலையைத் திருப்பிப் பார்த்தது.

“பாரு, அதுக்குக்கூடப் புரிஞ்சிருச்சு. எனக்குத்தான் புரியல. இது முடிஞ்சு போனதா, நடந்துக்கிட்டிருக்கிறதா?”

“ரெண்டும்தான். எப்பவோ ஆரம்பிச்சது, இன்னும் விடல. அதுக்குன்னு தனியா ஒரு காலம் வச்சிருக்காங்க.”

“அப்ப உங்கப்பாவும் உன் மாமனும் போடுற சண்டைய அந்தக் காலத்துலதான் சொல்லணும்.”

இக்லாஸ் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கியும்விட்டது. “சிரிக்க வைக்காத யம்மா. இன்னும் ஒரு மாசம்தான் கெடக்கு.”

சொற்களுக்கு அவள் சாக்கட்டி வைத்திருந்தாள். பால் தகரம், தோணியின் உள்பக்கம், நாணல் வீட்டுக் கதவுச் சட்டம் என்று எழுத இடம் கண்ட இடமெல்லாம் இங்கிலீஷ் சொல் நிற்கும். காலையில் கைமர் விற்க ரஸ்மிய்யா சந்தைக்குப் போனால், தட்டில் மெத்தை மாதிரிக் கிடக்கிற அந்தப் பாலாடையைப் பார்க்காமல் ஆட்கள் தகரத்தைப் பார்த்தார்கள்.

“ஏம்மா ரஸ்மிய்யா, உன் கைமர் இன்னைக்கு இங்கிலீஷ் பேசுதே! லண்டன் எருமையா?”

“ஆமா. ராணி வீட்டு எருமை. நீ நிக்கிற நிலைக்கு அது ஒன்னைப் பாத்தா பால் தராது. வேணும்னா வாங்கு, இல்ல நகரு.”

வாய் இப்படிப் பேசும். ஆனால் தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லையே என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டிருக்கும். பதினெட்டு வருஷம் தன் முந்தானைக்குள் கிடந்த பிள்ளை, இப்போது வீட்டுச் சுவரெல்லாம் தனக்குத் தெரியாத எதையோ எழுதி வைத்துவிட்டு அதோடு பேசிக்கொண்டு திரிகிறது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பேச்சுப் பழக்கத்தைவிட வாசிப்புப் பழக்கம் ரஸ்மிய்யாவுக்குப் பிடிக்கும். அரைப் பக்கத்துக்கு ஒரு கதையோ செய்தியோ இருக்கும். அதைப் படித்து ஐந்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். சாயங்காலம் மீன் சுட்டுக்கொண்டிருக்கும்போது இக்லாஸ் சத்தமாக வாசித்துவிட்டு, தாய் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுவாள்.

“ஒரு தீவு. அதுல ஒரு பொம்பள தனியா இருந்து பறவைகள எண்ணினா.”

“பிடிச்சுத் திங்கவா?”

“இல்ல, சும்மா. எத்தனை இருக்குன்னு தெரிஞ்சுக்க.”

“தெரிஞ்சு?”

“எழுதி அனுப்புவா.”

“புருஷன்?”

“போடல.”

“புள்ளகுட்டி? காய்ச்சல்னு படுத்தா கஞ்சி யாரு குடுப்பா?”

“யம்மா! கேள்வி அஞ்சுதான். எந்த வருஷம் போனா, எந்தப் பறவை அதிகம், அவ்வளவுதான். கஞ்சிய யாரும் கேக்கல.”

ரஸ்மிய்யா மீனைத் திருப்பிப் போட்டாள். இந்தப் புத்தகத்து ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். மனசுக்குக் கொஞ்சம் பழகும்போதே அரைப் பக்கம் முடிந்துபோகும். அப்புறம் அவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. அந்தத் தீவுக்காரி மழைக்கு எங்கே ஒதுங்கினாள் என்று நாலு நாள் அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

*

அந்த வருஷம் தண்ணீர் கெட்டுவிட்டது. நதியில் வரத்து நின்று, கிடந்த தண்ணீர் சுண்டிச் சுண்டி உப்பாகிப் போனது. தோணி போன இடத்தில் நடந்து போகலாம். பச்சை நாணல் தேடி இக்லாஸும் தகப்பனும் விடியலில் போனால் வெயில் ஏறின பிறகுதான் அரைச் சுமையோடு வருவார்கள். எருமைக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்கத் தெரியாது. குடித்ததெல்லாம் வயிற்றால் போனது. சிலதுக்குக் கண் மங்கியது. சினை எருமை இரண்டு ஒரே வாரத்தில் விழுந்தன. விழுந்ததை இழுத்துப்போட ஆண்பிள்ளை கிடையாது. மூத்த பெண்கள் இரண்டு பேரும் அமாராப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயாச்சு. தாயும் தகப்பனும் இக்லாஸும்தான் கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்துவிட்டு வந்து கையைக் கழுவி அவள் புத்தகத்தை எடுத்தாள்.

தகப்பன் மிஹ்ஸன் அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“வியாழக்கிழமை லாரி வருது. வடக்க போறோம். ஹில்லா பக்கம் ஆத்துல நல்ல தண்ணி ஓடுதாம்.”

“பரீட்சை?” என்றாள் ரஸ்மிய்யா.

“எந்தப் பரீட்சை?”

“எந்தப் பரீட்சையா? வீட்டுல ஒருத்தி ராப்பகலா கத்திக்கிட்டுக் கெடக்கா, உங்க காதுல விழலையா?”

“எருமை வரிசையாச் செத்துக்கிட்டுக் கெடக்கு, உன் காதுல விழலையா? மிச்சத்தையாவது காப்பாத்தணும்லா. அங்க போயி பால் கறக்க, புல்லு அறுக்க எனக்குக் கை வேணும். நீ ஒருத்தி போதுமா?”

“நான் ரெண்டு ஆள் வேலை செய்யுறேன். இவ எழுதட்டும்.”

“எழுதட்டும். யாரு வேண்டாங்கிறா? அடுத்த வருஷம் எழுதட்டும்.”

“போற எடத்துல அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கா? சப்ரிய்யா மக என்ன ஆனா? அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு கூட்டிட்டுப் போனாங்க. இப்ப இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு.”

“வயசுப்புள்ளைய இங்க யார் வீட்டுல விடச் சொல்ற? ஊரு சும்மா இருக்குமா?”

இக்லாஸ் புத்தகத்தை விரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பக்கம் நகரவில்லை. ரஸ்மிய்யாவுக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. கோபம் முழுக்கப் புருஷன்மேல் பாய்ந்தது.

“எங்கண்ணன் தன் மகன் அகீலுக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப என்ன பதில் சொன்னீங்க? ‘படிக்கிற புள்ள, இப்பப் பேச முடியாது’ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னீங்கல்ல?”

“அது ஒரு சாக்கு. உங்கண்ணன் நாணல் வெட்டுற எடத்துல எங்கிட்ட நடந்துக்கிட்ட முறைக்கு வேற என்ன சொல்றது?”

“உங்களுக்குச் சாக்கு. புள்ள அதை நெசம்னு நம்பிட்டா.”

மிஹ்ஸன் எழுந்தார். வெளியே போய் எருமையைக் காரணமில்லாமல் ஒரு அதட்டு அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தலையை நீட்டி, “மானமுள்ள வீடு ஒண்ணு கிடைச்சா விட்டுட்டு வா. நான் போயி யார் வாசல்லயும் நிக்க மாட்டேன்,” என்றார்.

*

மானமுள்ள வீடு ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், செங்கல் வீடு, ரஸ்மிய்யாவின் அண்ணன் ஷனாவாவின் வீடு. பெண் இல்லை என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சந்தையில் எதிரே வந்தால் அண்ணன் அந்தப்பக்கம் திரும்பி மிளகாய் விலை கேட்பார். அண்ணி பத்ரிய்யா மட்டும் கண்ணால் ஒரு நலம் விசாரிப்பாள்.

மறுநாள் கைமர் விற்ற கையோடு, தகரத்தைக்கூட வைக்காமல் ரஸ்மிய்யா அங்கே போனாள். போன நேரம், விருந்தாள் அறையில் வயசாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளை என்றால் உள்ளே அண்ணியிடம்தான் போக வேண்டும். இவள் போகவில்லை. சலாம் சொல்லிவிட்டு அறைக்குள்ளேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

ஷனாவாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த ஆளுக்குக் காப்பி கொடுக்காமல் இருக்கிற பிறவி இல்லை அவர். கறுத்த குடுவையிலிருந்து சின்னக் கோப்பையில் ஒரு வாய்க் காப்பியை ஊற்றி நீட்டினார். ரஸ்மிய்யா வாங்கினாள். வாங்கி, குடிக்காமல், தன் முன்னால் பாயில் வைத்தாள்.

வயசாளிகள் கோப்பையைப் பார்த்தார்கள். கோப்பையைக் கீழே வைத்தால் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒன்று வேண்டும், தருகிறேன் என்று சொல்லாமல் உன் காப்பி என் வாயில் படாது என்று அர்த்தம். பெண் கேட்கப் போகிற பெரியவர்கள் செய்வார்கள். கொலைக்குச் சமாதானம் பேசப் போகிறவர்கள் செய்வார்கள். பால்தகரத்தோடு வந்த ஒரு பொம்பளை செய்து யாரும் பார்த்ததில்லை. வைத்த கோப்பை ஆறினால் வீட்டுக்காரனுக்குத்தான் கேவலம்.

வயசாளிகளில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். “ஷனாவா, தங்கச்சி வச்சுட்டாளேப்பா.”

ஷனாவாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சான் வடக்கே போகிறான் என்று ஊரெல்லாம் தெரியும். போகிற நேரத்தில் வயசுப்பெண்ணை என்ன செய்வான்? வீம்பை விட்டுத் தங்கச்சியை அனுப்பியிருக்கிறான், அகீலுக்கே முடித்துக்கொள்ளச் சொல்லி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்த மனுஷன், தான் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். கேட்காமலே சொன்னால் அதுதான் கௌரவம்.

“குடி தங்கச்சி,” என்றார், வயசாளிகளுக்கும் கேட்கிற மாதிரி. “நீ என்னத்துக்கு வந்தியோ, அது ஆச்சு. நான் கேக்கவே இல்ல. ஆச்சு.”

ரஸ்மிய்யா ஒரே மடக்கில் குடித்தாள்.

“அல்லா உனக்கு ஆயுசக் குடுக்கட்டும் அண்ணே. இக்லாஸ் பரீட்சை முடியிறவரைக்கும் உன் வீட்டுல இருப்பா. நாங்க வியாழக்கிழமை போறோம்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். அவ வீடுதானே இது. அப்புறம்?”

“அப்புறம் அவ வந்துருவா.”

“எங்க வந்துருவா?”

“எங்கிட்ட. பரீட்சை எழுதத்தான் இருக்கா அண்ணே. அதுவரைக்கும் கல்யாணம்ங்கிற பேச்சு அவ காதுல விழக்கூடாது. இங்கிலீஷ்ல கொஞ்சம் மட்டு. மனசு கலைஞ்சுதுன்னா போச்சு.”

ஷனாவாவின் வாய் திறந்தபடி இருந்தது. வயசாளி ஒருத்தர் சிரிப்பை அடக்கத் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு காப்பிக்கு ரெண்டு கேக்கிறியே தங்கச்சி!”

“ரெண்டும் ஒரே கோப்பைக்குள்ளதான் அண்ணே இருந்துச்சு. நீ கேக்காமக் குடுத்த.”

“கேட்டிருக்கணும்,” என்றார் ஷனாவா, ஒரு பெருமூச்சோடு. “சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். இந்த வீட்டுல ஒரு பய அந்தப் பேச்ச எடுக்க மாட்டான். எடுத்தா நாக்க அறுத்துருவேன்.”

ரஸ்மிய்யா தகரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்வாசலில் பத்ரிய்யா நின்று அவளைக் கட்டிக்கொண்டாள். “ஏ, நீ ஆம்பளையாப் பொறந்திருக்கணும்டி,” என்று காதுக்குள் சொன்னாள். ரஸ்மிய்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மிஹ்ஸன் விஷயத்தைக் கேட்டு எகிறினார். “அந்த ஆளு வாசல்ல போயி நின்னியா?”

“நிக்கல. உள்ள போயி உக்காந்தேன்.”

*

வியாழக்கிழமை லாரி ஏற்றுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. தண்ணீரில் வளர்ந்த எருமைக்குப் பலகையில் ஏறத் தெரியாது. முன்னால் ஒருத்தர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ள, மேலெல்லாம் சாணி. இக்லாஸும் தள்ளினாள். எல்லாம் ஏறினதும் தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச எவ்வளவோ இருந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

“சாப்பாட்டுல வஞ்சனை வைக்காத. அத்தை சொல்றதக் கேளு. நல்லாப் படி.”

“சரி யம்மா.”

இவ்வளவுதான் பேச முடிந்தது. லாரி திரும்பும்போது ரஸ்மிய்யா எட்டிப் பார்த்தாள். மகள் துணிப்பையையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு செங்கல் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

ஹில்லா பக்கம் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. வேறு ஒன்றும் நன்றாக இல்லை. ஆற்றங்கரை முழுக்கச் சரளைக்கல். நாணல் கிடையாது, கூடாரம்தான். சுற்றி இருந்தவர்கள் பயிர் வைக்கிற குடியானவர்கள். எருமை வரப்பைத் தாண்டுமோ என்று கம்போடு நிற்பார்கள். அவர்கள் பொம்பளைகள் தண்ணீர் எடுக்க வரும்போது ரஸ்மிய்யா வலியப் போய் சலாம் சொன்னாள். பதில் சலாம் வந்தது, பேச்சு வரவில்லை. இவள் பேசுகிற தெற்கத்திப் பேச்சைக் கேட்டு ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அதற்கப்புறம் இவளும் வாயைத் திறக்கவில்லை. மிஹ்ஸன் புல்லுக்கு அலைந்துவிட்டு வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுவார். பகல் முழுக்க எருமையைத் தவிர யாரும் அவளிடம் வாய் திறப்பதில்லை.

விடியலில் கறக்க உட்கார்ந்தால்தான் மோசம். இந்நேரம் மகள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாள். இப்போது கேள்வி இல்லை. சாயங்காலம் போனில் பேசினால் ‘சாப்பிட்டியா’, ‘படிச்சியா’ என்பதற்குமேல் ரஸ்மிய்யாவுக்கு என்ன கேட்பதென்று தெரியாது. மகளும் ‘ம்’ என்பாள். நேரில் என்றால் பேச்சு தானாக வரும். போனில் அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ.

படுக்கும்போது கூடாரத்தில் தனக்குப் பக்கத்திலேயே மகளின் படுக்கையையும் அவள் விரித்தாள். பஞ்சு அடைத்த பழைய மெத்தை. செங்கல் வீட்டில் கட்டில் இருக்கிறது என்று அதை லாரியில் ஏற்றியிருந்தார்கள். “இல்லாத ஆளுக்கு எதுக்கு விரிக்கிற?” என்று மிஹ்ஸன் ஒரு நாள் கேட்டார். “தூசி தட்டினேன்,” என்றாள்.

*

இங்கிலீஷ் பரீட்சை வந்தது. பிள்ளைகள் காப்பி அடிக்கக் கூடாது என்று பரீட்சை நாள் காலையில் நாடு முழுக்க இணையத்தை நிறுத்திவிடுவார்கள். தாயும் மகளும் போனில் பேசுவதும் அதில்தான். இது தெரிந்திருந்தும் ரஸ்மிய்யா காலையிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. அதற்குப் பிறகும் மணியடிக்கவில்லை. கடைசியில் அடித்தபோது அவசரத்தில் பச்சைப் பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டாள்.

“எழுதிட்டியாடி?”

அந்தப்பக்கம் அழுகைதான் கேட்டது.

“என்னடி? என்ன ஆச்சு? யாராவது எதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல யம்மா. அதான். யாரும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க. மாமா என்னமோ சத்தியம் பண்ணிக்குடுத்தாராம். வாய் தவறி எதையாவது சொல்லிருவோமோன்னு வீடே பேச்ச நிறுத்திருச்சு. நான் போனா எல்லாரும் எந்திரிச்சுப் போயிர்றாங்க. அத்தை தட்ட வாசல்ல வச்சுட்டு ‘படிம்மா’ங்கிறா. வேலை தொட்டா புடுங்கிக்கிறா. இத்தனை நாள்ல ‘படிம்மா’, ‘சாப்பிடும்மா’, இது ரெண்டுதான் என் காதுல விழுந்திருக்கு.”

ரஸ்மிய்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இது அவள் கேட்டு வாங்கிய வரம். அண்ணன் கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“பரீட்சை எப்படி எழுதின? அதச் சொல்லு.”

“இலக்கணம் எழுதிட்டேன். சொல்லுக்குப் பொருள் எழுதிட்டேன். வாசிச்சு எழுதுறதுல ரெண்டு கேள்வி விட்டுட்டேன். வாசிக்கிறேன், வாசிக்கிறேன், ஒண்ணும் மண்டையில ஏறல. தேறுவேனான்னு தெரியல. யம்மா, எனக்கு இங்க இருக்க முடியல. நாளைக்குத் தீவன லாரி அந்தப்பக்கம் வருதாம், டிரைவர் பொண்டாட்டியும் வருவாளாம். நான் வந்துர்றேன். மிச்சத்த ரெண்டாவது சுற்றுல எழுதிக்கிறேன்.”

இன்னும் நாலு பரீட்சை இருந்தது. ரெண்டாவது சுற்று என்பது செப்டம்பரில், தவறினவர்களுக்காக நடப்பது. லாரி ஏறி இங்கே வந்துவிட்டால் இவளுக்கு எந்தச் சுற்றும் கிடையாது என்று ரஸ்மிய்யாவுக்குத் தெரியும். மிஹ்ஸன் கொடுவாளைக் கையில் கொடுத்துவிடுவார். புல் இருக்கிறது, எருமை இருக்கிறது. புத்தகம் பையை விட்டு வெளியே வராது.

வா என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. வாடி என் செல்லமே, நாளைக்கே வா, எனக்கும் இங்கே பேச நாதியில்லை, நீ வந்து எதிரே உட்கார்ந்து எதையாவது கேள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ‘வா’ என்கிற அந்த ஒரு எழுத்து தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“வராத,” என்றாள்.

“யம்மா?”

“இங்க வந்து என்ன செய்யப் போற? எங்களுக்கே எடமில்ல. ஒன் படுக்கைய எடுத்து கன்னுக்குட்டிக்கு விரிச்சாச்சு. நாலையும் எழுதி முடிச்சுட்டு வாரதா இருந்தா வா. இல்லாம லாரி ஏறி வந்தேன்னா, வந்த லாரியிலயே திருப்பி அனுப்பிருவேன். நான் போயி ஒரு வீட்டுல கோப்பைய வச்சுட்டுக் குந்தியிருந்தது நீ மூட்டை கட்டவா?”

அந்தப்பக்கம் அழுகை நின்றது. மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஏதாவது சொல்லடி, திட்டவாவது செய் என்று இவள் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“என் படுக்கையவா?” என்றாள் இக்லாஸ். குரல் மாறியிருந்தது. ஊர்ப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல்.

“ஆமா.”

“சரி. எழுதுறேன்.”

போன் அடங்கிவிட்டது.

மிஹ்ஸன் புல்கட்டை இறக்கிப்போட்டுவிட்டு வேர்வையைத் துடைத்தபடி வந்தார். “என்னவாம்? எழுதிட்டாளா?”

“எழுதிட்டா. இன்னும் நாலு இருக்கு. அதையும் எழுதுறாளாம்.”

“அழுதாளா?”

“அவ ஏன் அழுறா.”

அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் குடிக்க ஆற்றுப் பக்கம் போனார்.

போன வாரம் பிறந்த கன்று கூடாரத்துக்கு வெளியே நிழலில் கிடந்தது. சரளைக்கல் குத்தி முழங்கால் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரஸ்மிய்யா உள்ளே போனாள். சுருட்டி வைத்திருந்த மகளின் மெத்தையை எடுத்தாள். ஒரு தடவை முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வெளியே கொண்டுவந்து, பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று, கன்றுக்குப் பக்கத்தில் கல்லின்மேல் விரித்தாள். கன்று மோந்து பார்த்துவிட்டு அதில் ஏறிப் படுத்துக்கொண்டது.